மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி

மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைப்பார்களே, அதற்கு எழுத்துக் கோப்பதுதான் என் வேலை. பக்க விளைவுகள், எச்சரிக்கை, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும் என்று ஊர்ப்பட்ட விஷயத்தையும் உள்ளங்கை அகலத் தாளில் அடைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஜீவன் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு வரி விட்டுப்போகட்டும், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்துவிடுவார்.

இதனாலேயே எங்கள் பாட்டுக் குழுவின் இசைத்தாள் வேலையும் என் தலையில் விழுந்தது. "நீதான் கம்ப்யூட்டர்ல எழுத்து வேலை பண்றியேம்மா, இதையும் பாத்துக்கோ" என்றார் மாஸ்டர். பல் டாக்டரைப் பார்த்து, அப்படியே முடியையும் வெட்டிவிடுங்கள் என்று சொல்வது மாதிரி. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன். ஐந்து கோடு, கோட்டின் மேல் புள்ளி புள்ளியாகச் சுரம், கோட்டுக்குக் கீழே பாட்டு வரி. ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே அதற்கான எழுத்து உட்கார வேண்டும். புள்ளிகளை எப்படியும் வைத்துவிடலாம். வரிக்கு எழுத்துரு தேர்ந்தெடுப்பதில்தான் உயிர் போகும். நம் எழுத்துக்கள் அகலம். ஒரு 'ணா' வந்து உட்கார்ந்தால் பக்கத்திலிருக்கிற இரண்டு புள்ளியும் தள்ளிப் போய் நிற்கும். 'கீ'யின் மேல்சுழி மேல்கோட்டை இடிக்கும், 'ழு'வின் வால் அடுத்த வரியின் மண்டையைத் தொடும். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிற கஷ்டம்தான்.

போன மாதம் மாஸ்டர் போன் பண்ணினார்.

"குழு ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆகப்போகுதும்மா. விழா வெக்கறோம். எல்லாரும் வண்டிப் பாட்டுதான் வேணுங்கறாங்க."

"தனிக்குரல் யாரு மாஸ்டர் பாடுவா?"

"யாரு பாடணும்? உன் தங்கச்சியக் கேட்டுப் பாரேன். பதினோரு வருஷம் ஆச்சு. இன்னுமா அதையே நெனச்சிட்டு இருப்பா?"

இருப்பாள். எனக்குத் தெரியும்.

என் தங்கைக்கு வீட்டில் பெயர் பொட்டலம். பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவ்வளவு துணியில் சுற்றியிருந்தார்களாம், ஆறு வயசு நான் எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டலத்துக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேனாம். அதுவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "கடைசி வரியப் படிங்க, அவசரமில்ல" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பாத்திரம் கழுவும்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் பாடக் கற்றுக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். நான் தேய்ப்பேன், அவள் துடைப்பாள். அவள் மேல்குரல், நான் கீழ்க்குரல். ஒரு தட்டைக் கழுவ ஒரு சரணம் ஆகும். "தண்ணி போகுதுடி, பாட்டா முக்கியம்?" என்று அம்மா கத்துவாள், கத்திவிட்டு அங்கேயே நின்று கேட்பாள். குழுவில் சேர்ந்த பிறகும் மேல்குரல் வரிசை முடிகிற இடத்தில் அவளும், கீழ்க்குரல் வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் நானும் நிற்போம். வேறு யாராவது நடுவில் வந்து நின்றால் என் முழங்கை பேசும். ஒரே தாளை இரண்டு பேரும் பிடித்துக்கொள்வோம். என் பக்கம் நான், அவள் பக்கம் அவள். பக்கம் திருப்புவது மட்டும் எப்போதும் அவள்தான். நான் திருப்பினால் இரண்டு பக்கம் சேர்ந்து வந்துவிடும் என்று கேலி செய்வாள். எவ்வளவு நல்ல நாட்கள்.

வண்டிப் பாட்டு மாஸ்டரே எழுதி மெட்டுப் போட்டது. மூன்றாம் சரணத்துக்கு முன்னால் குழு முழுக்க வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று கொஞ்ச நேரம் முனகும். பிறகு அந்த முனகலின் மேல் ஒரே ஒரு குரல் எழும்:

*வண்டி போன பிறகும் இங்கே*
*வாசல் திறந்தே இருக்கிறது.*

அந்த ஒரு குரல் பொட்டலத்தினுடையது. ஒத்திகையில் அவள் அதைப் பாடும்போது பியானோ வாசிக்கிறவர் தலையைக் குனிந்துகொள்வார். நாலு மாதம் ஒத்திகை பார்த்தோம். முனகல் மூன்றாம் பக்கத்தின் அடியில் முடியும், தனிக்குரல் நாலாம் பக்கத்தின் உச்சியில் ஆரம்பிக்கும். பொட்டலம் ஒரு எட்டு முன்னால் வைத்து, தனித் தாளைப் பிடித்துக்கொண்டு, முனகல் ஆரம்பித்ததும் பக்கத்தைத் திருப்பி, மூச்சு இழுத்து, பாடுவாள். நாலு மாதத்தில் அவள் கை தானாகவே அந்த இடத்தில் திருப்பப் பழகிவிட்டது.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாஸ்டர் சொன்னார். "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. மேடை வெளிச்சத்துல யாருக்குத் தெரியும்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மருந்துத் தாளில் ஐந்து பாயின்ட் எழுத்தைப் படிக்கும்படி வைக்கிறவளைப் பார்த்து எறும்பு என்பதா? அன்றைக்கு மதியமே உட்கார்ந்தேன். பன்னிரண்டு பாயின்ட்டைப் பதினாலு ஆக்கினேன். எழுத்துருவையும் மாற்றி, தடித்து உருண்டையாக இருந்த ஒன்றைப் போட்டேன். புள்ளிகள் எல்லாம் விலகி ஓடின. ஆறு பக்கம் ஏழு பக்கமானது. விடுவேனா? வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை இறுக்கினேன், ஓரத்தைக் குறைத்தேன், ஒரு பக்கத்துக்கு ஒரு வரிசை கூடுதலாக அடைத்தேன். மறுபடியும் ஆறே பக்கம். என் தொழில் அது. நாற்பத்திரண்டு பிரதி எடுத்து, மறுநாள் அரங்கத்தில் ஏறுகிற நேரத்தில் கையில் கொடுத்தேன். "அடடா, பளிச்சுன்னு இருக்கே" என்றார் மாஸ்டர். தலைகால் புரியாமல் நின்றேன்.

பக்கத்துக்கு ஒரு வரிசை கூடியதில் தனிக்குரலின் முதல் வரி மூன்றாம் பக்கத்தின் அடிக்கு ஏறிவிட்டது. நான் பார்க்கவில்லை. பக்கக் கணக்கைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

முனகல் ஆரம்பித்தது. பொட்டலம் வழக்கம்போலத் திருப்பினாள். நாலாம் பக்கத்தின் உச்சியில் இருந்ததைப் பாடினாள்: *வாசல் திறந்தே இருக்கிறது.* மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுதானே என்று கேட்பீர்கள். கண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் வாய் அதைத்தான் பாடும், மேடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பியானோ ஒன்று வாசிக்கிறது, இவள் வேறு ஒன்று பாடுகிறாள். இது போதாதென்று, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், வாசல் திறந்தே இருக்கிறது என்று காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்து, நிஜமாகவே திறந்திருந்த கதவை எழுந்து போய்ச் சாத்தினார். படாரென்று சத்தம். அரங்கம் சிரித்தது. மாஸ்டர் கையைத் தாழ்த்தி மறுபடியும் ஆரம்பித்தார். பொட்டலத்துக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தாளை பியானோ மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு எல்லாரும் அவளைத் தேற்றப் போனார்கள். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? தாள்களைச் சேகரித்தேன். "எல்லாரும் குடுங்க, பீரோவுல வெக்கணும்." நாற்பத்திரண்டையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்குப் போய், முதுகைத் தடவிக்கொடுத்து, "பதட்டம்டி. யாருக்கு வராது?" என்றேன்.

அந்த வாக்கியத்தைப் பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தாள், வேலை, வீடு என்று ஆகிவிட்டது. குழுப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. என் வீட்டில் சாப்பிட்டால் பாத்திரம் துடைக்க வருவாள், வாய் மட்டும் திறக்காது. என் வீட்டுக்காரரைப் பார்த்தால் "என்ன மாமா, கதவெல்லாம் சாத்தியாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அவர் சிரிக்க மாட்டார். தன்னால்தான் அவள் பாட்டு போயிற்று என்று அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருந்தார். நான் நம்பவிட்டேன்.

மாஸ்டர் சொன்னதை அவளிடம் சொன்னபோது, போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. "மொதல்ல தாளக் காட்டு. பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே பழைய கோப்பைத் திறந்தேன். 'வண்டி-இறுதி' என்று ஒன்று, 'வண்டி-இறுதி-நிஜமாகவே' என்று ஒன்று. இரண்டாவதுதான் அந்தப் பாழாய்ப்போனது. அதை ஏன் அழிக்காமல் வைத்திருந்தேனோ, கேட்காதீர்கள். முதலாவதைத் திறந்தால், நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை என்றது. புள்ளிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கீழே பாட்டு வரி முழுக்க வெறும் கட்டம் கட்டமாக நின்றது.

ஒவ்வொரு எழுத்தாக மறுபடியும் அடித்தேன். வண்-டி. போ-ன. ஒரு புள்ளியில் நின்று, எழுத்தை அடித்து, கோடு போட்டு, அடுத்த புள்ளிக்குத் தாவி. இப்படி அடிக்கும்போது மனசுக்குள் பாடாமல் இருக்க முடியாது. என் கீழ்க்குரலைப் பாடினால் அவள் மேல்குரல் தானாகக் காதில் கேட்டது. முப்பத்து நாலு வயசுக் குரல். மூன்று நாள் சாயங்காலம் அப்படிப் போனது. நடுநடுவே அழுதேன், நடுநடுவே எழுத்துருவைத் திட்டினேன். ஒன்று பத்திரிகைக்காரி மாதிரி மிடுக்காக இருந்தது, ஆனால் கோடு மெலிசு, வெளிச்சத்தில் காணாமல் போகும். இன்னொன்றில் 'ண'வின் சுழி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கடைசியில் மூன்றைத் தேர்ந்தெடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பொட்டலம் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று தாளையும் கையை நீட்டிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள், மறுபடியும் நீட்டினாள்.

"மொதல்லது வேணாம். நாப்பது தாண்டினவங்களுக்கு 'க'வும் 'சு'வும் ஒண்ணாத் தெரியும். ரெண்டாவது நல்லாருக்கு. எழுத்துக்கு நடுவுல காத்து போகுது பாரு, கண்ணு அதத்தான் தேடும். பெருசு பண்ணணும்னு அவசியமே இல்ல. கடையில தெனமும் சொல்றேன், யாரு கேக்கறாங்க?"

"நீ சொன்னா சரிதான்டி" என்றேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன என்று தோன்றியது.

அவள் தாளைக் கீழே வைத்தாள். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நான் வரேன். வரிசையில நின்னு முனகறேன். தனிக்குரல் வேற யாருக்காவது குடுத்துரு."

"ஏண்டி?"

"என்னை நம்ப முடியாதுக்கா. என் கையையும் நம்ப முடியாது, வாயையும் நம்ப முடியாது. அன்னிக்கு அவ்ளோ நல்லாத் தெரிஞ்ச பாட்டு. எப்படி ஒரு வரி தாவினேன்னு இன்னும் தெரியல. மண்டைக்குள்ள என்னமோ ஒண்ணு சரியில்ல எனக்கு. டாக்டர்கிட்டகூடக் கேட்டேன், நீ சிரிப்பேன்னு சொல்லல."

சும்மா இருந்துவிடலாம். புதுத் தாள் கச்சிதமாக இருந்தது, தனிக்குரல் முழுக்க ஒரே பக்கத்தில், திருப்பவே வேண்டாம். கொஞ்சம் கெஞ்சினால் பாடக்கூடச் செய்வாள். சொன்னால் எழுந்து போய்விடுவாள், பாட்டும் போகும், தங்கையும் போவாள். ஆனால் டாக்டர்கிட்ட போயிருக்கிறாள். என் தங்கை, நான் பண்ணின வேலைக்கு, தன் மண்டையைக் காட்ட டாக்டர்கிட்ட போயிருக்கிறாள்.

'வண்டி-இறுதி-நிஜமாகவே'யைத் திறந்தேன். இதிலும் வரி எல்லாம் கட்டமாகத்தான் இருந்தது. அதனாலென்ன, வரிசைகள் இருந்த இடத்தில் இருந்தன.

"மூணாம் பக்கத்துக் கடைசி வரிசையப் பாரு. புள்ளிய மட்டும் பாடிப் பாரு" என்றேன்.

விரலை வைத்து மனசுக்குள் பாடினாள். விரல் நின்றது. நாலாம் பக்கத்துக்குப் போனாள். திரும்ப மூன்றுக்கு வந்தாள்.

"இது எப்ப?"

"முந்தின நாள். எழுத்தப் பெருசு பண்ணினேன். உனக்குச் சொல்லல. அன்னிக்கே வீட்டுக்கு வந்து பாத்துட்டேன், அப்பவும் சொல்லல. எல்லாத் தாளையும் கிழிச்சுட்டேன். நீ சரியாத்தாண்டி திருப்பினே. நாலு மாசமாத் திருப்பின எடத்துலதான் திருப்பினே."

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். கையில் டம்ளர். "அப்ப கதவு இல்லையா?"

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

"பதினோரு வருஷம்டி" என்றார். டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

பொட்டலம் கத்தியிருந்தால் தேவலாம். கத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பதட்டம்டின்னு முதுகத் தடவினியே. அத நம்பினேனே நான். கொழந்த பொறந்து அழுதா, தூங்கவைக்க ஒரு பாட்டுப் பாட வாயத் தெறப்பேன், எங்க தப்பிடுமோன்னு மூடிப்பேன். ரேடியோவப் போட்டுத் தூங்கவெச்சேன்க்கா அவள. என் பொண்ணு என் குரல்ல ஒரு பாட்டுகூடக் கேட்டதில்ல. பதினோரு வருஷமா என்ன தப்புன்னு எனக்குள்ளயே தேடினேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தே."

"பயந்துட்டேன்டி. நீ என்னை வெறுத்துடுவேன்னு பயந்தேன்."

"சரி" என்றாள். பையை எடுத்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, இரண்டாவது எழுத்துருவில் எடுத்திருந்த தாளை மட்டும் மேஜையிலிருந்து உருவிக்கொண்டு போனாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஒத்திகையில் எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னேன். "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று மாஸ்டர் ஒரே ஒரு தடவை கேட்டார். உட்கார்ந்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. வீட்டுக்காரரோ மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு அது வேண்டியதுதான். பொட்டலத்துக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் பண்ணினேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் எண்ணிலிருந்தே போன் வந்தது. பாய்ந்து எடுத்தேன். அவள் மகள். ரகசியம் பேசுகிற குரல்.

"பெரியம்மா, அம்மா குளிக்கற ரூம்ல பாடறாங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மூணு நாளாப் பாடறாங்க. நான் ரேடியோன்னு நெனச்சேன். அம்மாவேதான். செமயாப் பாடறாங்க பெரியம்மா. அம்மாவுக்குப் பாடத் தெரியும்னு எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

என்னவாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், பத்து வயசுக் குழந்தைதானே. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அவங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் என்று.

"என்னாலதான் கண்ணு. உங்கம்மா பாடற தாள்ல நான் எழுத்தப் பெருசு பண்ணினேன். அதனால அவங்களுக்குத் தப்பிப்போச்சு. தப்பு என்னோடதுன்னு நான் சொல்லல. அதனால அவங்க பாடறத விட்டுட்டாங்க."

"எவ்ளோ பெருசு பண்ணினீங்க?"

"ரெண்டு பாயின்ட்."

"அப்படின்னா?"

"ஒரு அரிசி இருக்குல்ல, அதுல பாதிகூட இருக்காது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றேன்.